எச்.எஸ்.டி. யந்திரங்களுக்கு எந்த ஆயில்? சாதாரணமா, சிந்தெடிக்கா?

நெல் நடவு யந்திரமும், செயின் வண்டி என்று நாம் அழைக்கும் அறுவடை யந்திரமும் இன்று சிறு விவசாயிகளுக்கும் சொந்தமாகி வருகின்றன. தமிழகத்தில் 2017-18-ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட ஒரு குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியாக வழங்கப்பட்டது. பல குழுக்கள் அதைக்கொண்டு யந்திரங்கள் வாங்கின. யந்திரம் வாங்குவதற்கு உதவி உண்டு. அது பழுதானால் செலவு நம் கையிலிருந்துதான். ஆகவே வாங்கிய யந்திரத்தைக் காப்பாற்றும் வழியையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டும் நடவு யந்திரங்களிலும், செயின் வகை அறுவடை யந்திரங்களிலும் பெரும்பாலும் கியர் மாற்றாமலே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. லிவரை முன்னே தள்ளினால் வண்டி முன்னே போகும். பின்னே இழுத்தால் பின்னே வரும். நடுவில் வைத்தால் நின்றுவிடும். இந்த அமைப்புக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் என்று பெயர். சுருக்கமாக எச்.எஸ்.டி. என்பார்கள். மேல்நாடுகளில் வீட்டுப் புல்வெளியை வெட்டும் சவாரி வண்டிகளிலும் இதே அமைப்புதான் உள்ளது.

இதற்கு ஆயில் வாங்கக் கடைக்குப் போனால் இரண்டு விதமான டப்பாக்களைக் காட்டுகிறார்கள். ஒன்று மினரல் ஆயில் எனப்படும் சாதாரண ஆயில். மற்றொன்று சிந்தெடிக் ஆயில். இதன் விலை இரு மடங்குக்கு மேலும் இருக்கும். "விலை அதிகமானதை ஊற்றினால் யந்திரம் நீடித்து உழைக்குமா?" என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். இதற்கு விடை காணுமுன் ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

காலையில் ஓடியது, மதியம் படுத்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். காவிரிக் கடைமடைப் பகுதியில் நான்கு இளைஞர்கள் கூட்டாக ஒரு செயின் வண்டி வைத்திருந்தார்கள். சம்பா நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மழை வரும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. காலையில் பனி உலர்ந்ததும் வண்டி நன்றாக ஓடியது. மதியம் 2 மணிக்கு மேல் இழுவை குறைந்தது. சிறிய வரப்பைக்கூட ஏற மறுத்தது. இரவு ஆறவிட்டால் மறுநாள் காலை மீண்டும் ஓடும். மதியம் மீண்டும் படுத்துக்கொள்ளும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, "ஆயிலில்தான் கோளாறு என்றார்கள், ஐயா. இருப்பதிலேயே விலை அதிகமான சிந்தெடிக்கை வாங்கி ஊற்றிவிட்டோம். அப்படியும் இழுக்கவில்லையே" என்றார் அவர்களில் மூத்தவர்.

"ஃபில்டரை மாற்றினீர்களா, தம்பி?" என்று கேட்டேன். மாற்றவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த ஆயில் கூலரைத் திறந்து பார்த்தோம். அதன் தகடுகளுக்கு இடையே பதரும் சுணையும் தூசியும் அடைந்து, காற்றுப் புக இடமில்லாமல் சுவர்போல் நின்றது. அதைச் சுத்தம் செய்து, புதிய ஃபில்டர் போட்ட பிறகு வண்டி மாலை வரை ஓடியது. மழைக்கு முன் பெரும்பகுதி நெல் களத்துக்கு வந்தது.

ஆனால் பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோது உள்ளே பித்தளை நிறத்தில் துகள்கள் மின்னின. பல நாள் சூட்டில் ஓடிப் பம்பு ஏற்கனவே தேய்ந்திருந்தது. அடுத்த பருவத்துக்கு முன் பம்பை மாற்ற வேண்டியதாயிற்று. கூலரைத் துடைக்கச் செலவு ஒன்றுமில்லை. அதைச் செய்யாததற்கு விலை அந்தப் பம்பு.

ஆகவே ஆயிலைத் தேர்ந்தெடுக்குமுன், நம் யந்திரத்தின் ஆயிலைக் கெடுப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது சூடா, தண்ணீரும் சேறுமா என்பதைப் பொறுத்தே எந்த ஆயில் என்பது அமையும்.

எச்.எஸ்.டி. எப்படி வேலை செய்கிறது?

இஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பினுள் சிறு பிஸ்டன்கள் வட்டமாக அமைந்துள்ளன. அவை ஒரு தட்டின்மேல் வழுக்கிச் சுற்றுகின்றன. நாம் லிவரைத் தள்ளும்போது அந்தத் தட்டு சாய்கிறது. சாய்வு கூடக்கூடப் பிஸ்டன்கள் அதிக ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் எதிரே உள்ள மோட்டாரைச் சுற்ற, வண்டி நகர்கிறது. தட்டு சாயாமல் நேராக நின்றால் ஆயில் போகாது; வண்டி நிற்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஆயில் திசை மாறிப் பாய, வண்டி பின்னோக்கி வரும்.

இதில் ஆயிலுக்கு நான்கு வேலைகள்: இஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது, உரசும் பாகங்களைத் தேயாமல் காப்பது, உண்டாகும் சூட்டை வெளியே எடுத்துப் போவது, பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து நிற்பது.

இந்த நான்காவது வேலை முக்கியமானது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். பம்பினுள் உள்ள இடைவெளி அதைவிட மிகக் குறைவு. ஆயில் அளவுக்கு மீறி மெலிந்துவிட்டால் இந்த இடைவெளி வழியே அழுத்தம் கசிந்துவிடும். இழுவை குறையும். கசியும் ஆயில் மேலும் சூட்டை உண்டாக்கும். சூட்டினால் ஆயில் இன்னும் மெலியும். மதியம் வண்டி படுத்துக்கொள்ளும் காரணம் இதுதான். அதே இடைவெளியில் ஒரு மணல் துகள் புகுந்தால் அரம்போல் ராவிவிடும்.

டப்பாவில் உள்ள எண்கள்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதையும், வெயிலில் வைத்தால் இளகி ஓடுவதையும் பார்த்திருக்கிறோம். எல்லா எண்ணெயும் குளிரில் கெட்டிப்படும், சூட்டில் மெலியும். எவ்வளவு மெலியும் என்பதுதான் கேள்வி.

20 டபிள்யூ 50 என்று டப்பாவில் போட்டிருந்தால், முதல் எண் குளிரில் ஆயிலின் தன்மையையும், இரண்டாம் எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. குளிர் நாடுகளில் முதல் எண்ணுக்கு மதிப்பு அதிகம். நம் ஊர்ச் சூட்டுக்கு நாம் பார்க்க வேண்டியது இரண்டாம் எண்ணை.

இரண்டாம் எண் 50 என்றால், 100 டிகிரியில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மை 16.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 21.9-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். சாதாரண ஆயிலாயினும் சிந்தெடிக்காயினும் இந்த விதி ஒன்றே. அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே?

சாதாரண ஆயிலில், சூட்டில் மெலியாமல் தாங்கிப் பிடிப்பதற்காகப் பாலிமர் என்ற பொருளைக் கலக்கிறார்கள். பம்பின் நெருக்கத்திலும் பல் சக்கரங்களின் இடையிலும் இந்தப் பாலிமர் நாளாவட்டத்தில் அறுபட்டுப்போகிறது. புதிதாக ஊற்றும்போது 50 எண் உள்ள ஆயில், பல மணி நேரம் ஓடிய பின் அந்தக் கெட்டித்தன்மையை இழந்துவிடும். சிந்தெடிக் ஆயிலின் அடிப்படை எண்ணெய்க்கே சூட்டைத் தாங்கும் குணம் உண்டு. ஆகவே பாலிமர் குறைவாகக் கலந்தால் போதும். கெட்டித்தன்மை நீண்ட நாள் நிற்கும்.

பாலிமர் கலவாத ஹைட்ராலிக் ஆயிலில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். வி.ஜி. 68 என்ற ரகம் 40 டிகிரியில் சுமார் 68 சென்டிஸ்டோக் இருக்கும். 100 டிகிரிக்குச் சூடேற்றினால் சாதாரண ஆயில் சுமார் எட்டரைக்கு இறங்கிவிடும். நல்ல சிந்தெடிக் பத்துக்கு மேல் நிற்கும்.

ஆயில் கெட்டுப்போவதையும் பார்க்க வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் கருகிப் புளிக்கும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது பொதுவான கணக்கு. சிந்தெடிக் ஆயில் இதை அதிகம் தாங்கும். ஆனால் தண்ணீரையும் மணலையும் எந்த ஆயிலாலும் தாங்க முடியாது. அவை உள்ளே புகுந்துவிட்டால் விலை உயர்ந்த ஆயிலும் சாதாரண ஆயிலும் ஒன்றே. வடித்துக் கொட்டத்தான் வேண்டும்.

சிந்தெடிக் என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம்

ரசாயன முறையில் உருவாக்கப்படும் எண்ணெயைத்தான் முன்பு சிந்தெடிக் என்றார்கள். கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து மிக உயர்ந்த முறையில் சுத்திகரித்த ரகத்தையும் அப்படியே அழைக்கலாம் என்று, அமெரிக்காவில் விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு 1999-ஆம் ஆண்டு முடிவு கூறியது. இந்த இரண்டு ரகமும் அந்தப் பெயரில் விற்கின்றன. இரண்டாவது ரகமும் நல்ல ஆயில்தான். ஆயினும் டப்பாவின் முகப்பில் உள்ள பெயரைவிடப் பின்புறம் உள்ள எண்ணும் தரக் குறியீடும் நம் யந்திரப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம்.

உங்கள் யந்திரத்துக்கு எது?

1. யந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். சில யந்திரங்களுக்கு 20 டபிள்யூ 50 இஞ்சின் ஆயிலையும், சிலவற்றுக்கு 15 டபிள்யூ 50 அல்லது 5 டபிள்யூ 50 சிந்தெடிக்கையும், வேறு சிலவற்றுக்குத் தனி டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் சிபாரிசு செய்கிறார்கள். புத்தகம் சிந்தெடிக் என்றால் சாதாரண ஆயில் ஊற்றக் கூடாது. புத்தகம் தொலைந்திருந்தால், மாடல் எண்ணைச் சொல்லி விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. புத்தகம் சாதாரண ஆயிலைச் சொல்லி, யந்திரம் பெரும்பாலும் சேற்றில் வேலை செய்வதானால், சாதாரண ஆயிலே போதும். நடவு யந்திரம் இதற்கு உதாரணம். அச்சு சீல் வழியே தண்ணீரும் சேறும் உள்ளே போவதே இங்கு ஆபத்து. ஆகவே குறித்த காலத்துக்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது நல்லது. பருவம் முடிந்து நிறுத்துமுன் ஒரு முறை மாற்றினால், தண்ணீர் கலந்த ஆயில் மாதக்கணக்கில் உள்ளே கிடந்து துருப்பிடிக்க வைப்பதைத் தவிர்க்கலாம்.

3. புத்தகம் சாதாரண ஆயிலைச் சொல்லி, யந்திரம் கோடை வெயிலில் நாள் முழுவதும் ஓடுவதானால், அதே எண்ணும் தரமும் உள்ள சிந்தெடிக்கை உபயோகிக்கலாம். சித்திரை, வைகாசி அறுவடைக்கு வாடகைக்குப் போகும் செயின் வண்டிக்கு இது பயன் தரும். விலை உயர்ந்ததை ஊற்றியதால் மாற்றும் காலத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புத்தகத்தில் கண்ட மணிக்கணக்கே விதி.

4. எச்.எஸ்.டி.யும் கிளச், பிரேக் தட்டுகளும் ஒரே ஆயிலில் மூழ்கியிருந்தால், புத்தகம் சொல்லும் டிரான்ஸ்மிஷன் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. இஞ்சின் ஆயில், சிந்தெடிக்காயினும், கிளச்சை நழுவச் செய்யலாம். பிரேக் பிடிக்கும்போது அதிர்வும் சத்தமும் உண்டாகலாம்.

5. 90 நம்பர் கியர் ஆயிலை எச்.எஸ்.டி.யில் ஊற்றக் கூடாது. 50-ஐவிட 90 ஏறக்குறைய இரு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இவை இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலில் பல் சக்கரங்களைக் காப்பதற்காகச் சேர்த்துள்ள கந்தகக் கலவை, பம்பிலுள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களை அரித்துவிடக் கூடும் என்பதே காரணம்.

6. அவசரத்துக்கு மட்டத்தை நிரப்ப நேர்ந்தால் உள்ளே இருக்கும் அதே ரகத்தையே ஊற்றுங்கள். சாதாரண ஆயிலும் வழக்கமான சிந்தெடிக்கும் கலந்தால் உடனே கெட்டுவிடுவதில்லை. ஆனால் அவற்றில் சேர்த்துள்ள மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகலாம். பாலிகிளைக்கால் என்ற ரக ஆயிலை மட்டும் எதனோடும் கலக்கவே கூடாது.

செலவுக் கணக்கு

கணக்குக்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். யந்திரத்துக்கு 6 லிட்டர் ஆயில் பிடிக்கிறது. சாதாரண ஆயில் லிட்டர் 300 ரூபாய், சிந்தெடிக் 700 ரூபாய், ஃபில்டர் 800 ரூபாய். புத்தகப்படி 300 மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கொள்வோம்.

சாதாரண ஆயிலும் ஃபில்டரும் ஒரு முறைக்கு 2,600 ரூபாய் ஆகும். சிந்தெடிக்கும் ஃபில்டரும் 5,000 ரூபாய். வித்தியாசம் 2,400 ரூபாய். 300 மணிக்கு வகுத்தால் மணிக்கு 8 ரூபாய்தான் கூடுதல். அறுவடை வாடகையில் இது பெரிதல்ல.

சாதாரண ஆயிலை 150 மணிக்கு ஒரு முறை, அதாவது இரண்டு முறை மாற்றினால் 5,200 ரூபாய் ஆகிறது. சிந்தெடிக்கை ஒரு முறை ஊற்றுவதற்கு ஆகும் செலவும் ஏறத்தாழ இதுதான். ஆக, இரண்டுக்கும் ஒரே பணம். அந்தப் பணம் சேற்றில் ஓடும் யந்திரத்தில் தண்ணீரையும் அழுக்கையும் இரண்டு முறை வெளியேற்றும். சூட்டில் ஓடும் யந்திரத்தில் சூட்டைத் தாங்கும் ஆயிலை வாங்கித் தரும். எதற்குச் செலவிடுவது என்பதை உங்கள் வயலும் வேலையும்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாற்றும் முறை

புதிய யந்திரத்தில் முதல் முறை சீக்கிரமே மாற்ற வேண்டும். பல யந்திரங்களுக்கு இது 50 மணி. புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகப் பொடி அப்போது வெளியேறும்.

யந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, சிறிது நேரம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பானதும் இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். திருகைக் கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைத்துவிடுங்கள். வடித்தபின் திருகில் காந்தம் இருந்தால் பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோல் சிறிது ஒட்டியிருப்பது இயல்பு. சில்லுகளோ பித்தளைத் துகள்களோ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே ஓட்டுங்கள்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிப் பொருத்துங்கள். சுத்தமான புனலில் ஆயிலை ஊற்றுங்கள். பஞ்சுத் துணியால் வடிகட்ட வேண்டாம். நூலிழை உள்ளே போய்விடும். மட்டம் சரியானதும் ஆட்களை விலக்கி, இஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, லிவரை மெதுவாக முன்னும் பின்னும் ஐந்தாறு முறை நகர்த்துங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். பிறகு நிறுத்தி மட்டத்தை மீண்டும் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். காற்றை வெளியேற்றாவிட்டால் பம்பு ஊளையிடுவதுபோல் சத்தம் போடும், ஆயில் நுரைக்கும்.

குழாயில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இதுவும் அடங்கும். மூடிய டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்றுச் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

தினமும் ஐந்து நிமிடம்

காலையில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். கூலர், விசிறி, வலை ஆகியவற்றில் அடைந்த பதரையும் தூசியையும் இஞ்சின் நின்றிருக்கும்போது ஊதித் தள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் மதிய உணவுக்கு நிறுத்தும்போதும் ஒரு முறை செய்யுங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று அர்த்தம். சீலைச் சரிசெய்து ஆயிலை மாற்றுங்கள். கருத்துத் தீய்ந்த வாடை வந்தால் சூடு மிஞ்சியுள்ளது. கழுவும்போது அச்சு சீல், ஆயில் மூடி ஆகிய இடங்களில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம்.

நோய்க்கு மருந்து எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பத்தியம். சிந்தெடிக் ஆயில் நல்ல மருந்துதான். சுத்தமான கூலரும், புதிய ஃபில்டரும், காலம் தவறாத மாற்றமும் அதற்குப் பத்தியம். பத்தியம் இல்லாத மருந்து பலிக்காது. பத்தியம் சரியாக இருந்தால், புத்தகம் சொல்லும் சாதாரண ஆயிலும் உங்கள் யந்திரத்தைப் பல பருவங்கள் காப்பாற்றும்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால், யந்திரப் புத்தகத்தையும் ஒரு கண்ணாடிச் சீசாவில் சிறிது ஆயிலையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். அறுவடை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே போவது நல்லது.